கோலார் தங்க வயல்: பாழூர் எனப்படும் ஊர்

கோலார் தங்க வயல் (கே.ஜி.எஃப்.) கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் உள்ள சுரங்க நகரம். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவிலும், திருவண்ணாமலைக்கு வடமேற்கே நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. தொலைவிலும் அமைந்துள்ளது. 1880 முதல் 2001 வரை இங்கு தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது. சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து சென்றவர்கள். 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, நாளிதழ்களும் பயணக் குறிப்புகளும் இந்நகரைப் 'பேய் நகரம்' என்று குறிப்பிடத் தொடங்கின. அந்தப் பெயர் இந்த ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இதன் வரலாற்றுடன் இணைந்த கேள்வி.

அமைவிடம்

தங்க வயல் ஒரே ஊர் அல்ல, பல குடியிருப்புகளின் தொகுதி. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் ஆகியவை சுரங்கங்களை ஒட்டி உருவானவை. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய இரண்டும் கடைத்தெருக்களும் வீடுகளும் கொண்ட நகரப் பகுதிகள். ராபர்ட்சன்பேட்டை மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரைக் கொண்டது. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் இரவுகள் குளிர்ச்சியாக இருக்கும். ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில எல்லைகளும் அருகிலேயே உள்ளன.

தங்கத்தைத் தேடியவர்கள்

இப்பகுதியில் தங்கம் உண்டு என்பது ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளூர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளில் பழங்காலக் குழிகள் இருந்தன. மண்ணைக் கழுவித் தங்கத்துகள் எடுப்பது சிலருக்குத் தொழிலாகவும் இருந்தது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பிறகு மைசூர் அரசின் எல்லைகள் அளக்கப்பட்டன. அப்பணியில் இருந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802-ல் இந்தப் பக்கம் வந்தபோது தங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். தங்கம் எடுத்துக் காட்டுபவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். கிராமத்தார் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னிலையில் கழுவித் தங்கத்துகளைப் பிரித்துக் காட்டினர். வாரன் எழுதிய அறிக்கை அச்சில் வந்தது. அதை நம்பி முயன்ற சிலர் வெற்றி பெறவில்லை.

ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பிறகு, பெங்களூர் கன்டோன்மென்டில் வாழ்ந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவெல் அந்த அறிக்கையைப் படித்தார். அயர்லாந்தைச் சேர்ந்த இவர் நியூசிலாந்தில் மாவோரிப் போரில் பங்கேற்ற முன்னாள் படைவீரர். அங்கிருந்தபோது தங்கம் தோண்டும் தொழிலில் ஆர்வம் கொண்டார். 1871-ல் மாட்டுவண்டியில் கோலார் பகுதிக்குச் சென்று நிலத்தைப் பார்வையிட்டார். 1875-ல் மைசூர் அரசிடமிருந்து சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். ஆனால் ஆழமாகத் தோண்டுவதற்கு வேண்டிய முதல் அவரிடம் இல்லை. 1877-ல் உரிமை ராணுவ அதிகாரிகள் சேர்ந்த ஒரு குழுவுக்குக் கைமாறியது. பெங்களூரின் லவெல் சாலை இவர் பெயரால் அமைந்தது.

வயநாட்டுத் தோல்வியும் சாம்பியன் ரீஃபும்

அதே காலத்தில் இன்றைய நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர், தேவாலா பகுதியிலும் தங்க வேட்டை நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரஃப் ஸ்மித் அளித்த நம்பிக்கையூட்டும் அறிக்கையைத் தொடர்ந்து, 1879 முதல் 1881 வரை 41 நிறுவனங்கள் தோன்றின. அவற்றின் மொத்த முதல் 50 லட்சம் பவுண்டைத் தாண்டியது. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய அனைத்தும் கவிழ்ந்தன. கொண்டுவந்த இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. தேயிலைத் தோட்டங்களே பிறகு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் தங்கத்துக்காக எழுந்து தங்கம் கிடைக்காமல் கைவிடப்பட்ட இடம் உண்டு என்றால் அது தேவாலாதான்.

வயநாட்டில் பணத்தை இழந்த முதலீட்டாளர்கள் கோலாரிலும் நம்பிக்கை இழந்திருந்தனர். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. முதல் சில ஆண்டுகள் நட்டமே கண்டது. வேலையை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்த நிலையில், கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் பழங்காலக் குழிகளின் அடியில் தொடர்ந்து தோண்டச் செய்தார். வளமான சாம்பியன் படிவம் அங்கு கிடைத்தது. பழங்காலத்தார் எங்கு நிறுத்தினார்களோ அங்கிருந்துதான் நவீனச் சுரங்கம் தொடங்கியது.

அதன்பின் வளர்ச்சி வேகமாக இருந்தது. சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலாகாட் எனச் சுரங்கங்கள் பெருகின. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை சுமார் 16 கி.மீ. கிளை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளில் ஒன்று அது. அதே மின்சாரம் 1905-ல்தான் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்குச் சென்றது. அந்த 1905-ல் தங்க வயலின் உற்பத்தி உச்சத்தை அடைந்து, ஓராண்டில் ஏறத்தாழ 19 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

வட ஆற்காட்டிலிருந்து சென்றவர்கள்

சுரங்கம் தொடங்கிய காலம் கவனிக்கத்தக்கது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. வட ஆற்காடும் சேலமும் அவற்றுள் அடங்கும். சொந்த நிலம் இல்லாத பண்ணையாட்கள் முதலில் பாதிக்கப்பட்டனர். பஞ்சம் முடிந்து இரண்டே ஆண்டுகளில் தங்க வயலில் கூலி வேலை கிடைக்கத் தொடங்கியது. இலங்கை, மலேயா, பர்மா, தென்னாப்பிரிக்கா எனக் கடல்தாண்டிய அதே தலைமுறையில் ஒரு பகுதியினர் மேற்கே மலையேறி மைசூர் நாட்டுக்குச் சென்றனர்.

இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஊர்கள் பழைய ஆவணங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயர்களின் கீழ் வரும். திருவண்ணாமலை வட்டம் முன்பு தென் ஆற்காட்டைச் சேர்ந்தது, திருப்பத்தூர் வட்டம் சேலத்தைச் சேர்ந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் தனியாக உருவாக்கப்பட்டபோது இவ்விரு வட்டங்களும் வட ஆற்காட்டுடன் இணைக்கப்பட்டன. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆகவே ஒரு தங்க வயல் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுபவர் ஒரே ஊருக்கு மூன்று மாவட்டப் பெயர்களைக் காண நேரும்.

செல்லும் வழி கடினமானதல்ல. 1890-களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் பாதை அமைந்தது. காட்பாடியில் வண்டி மாறி ஜோலார்பேட்டை, பௌரிங்பேட்டை வழியாக மாரிக்குப்பம் வரை ரயிலிலேயே போகலாம். ஊரோடு உறவு அறுந்துபோகாததற்கு இந்த வழியும் ஒரு காரணம். கடல் கடந்தவர்களுக்கு ஊர் வந்து போவது இவ்வளவு எளிதல்ல. தங்க வயலுக்குப் போனவர்கள் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊர் வந்து போகவும், ஊரிலேயே பெண் எடுக்கவும் முடிந்தது.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்று பறையர் என்றும் பஞ்சமர் என்றும் குறிக்கப்பட்ட ஆதிதிராவிடர்கள். கிராமத்தில் பண்ணைக் கூலிக்குக் கட்டுண்டிருந்தவர்களுக்குத் தங்க வயல் மாதச் சம்பளம் தந்தது. வேலை ஆபத்தானது. ஆனால் ஊரில் கிடைக்காத ஒன்று இங்கு கிடைத்தது: உழைப்புக்குக் காசாகக் கூலி, யாரிடமும் கைகட்டி நிற்காமல் தெருவில் நடக்கும் உரிமை. ஆயினும் சாதியும் இனமும் இங்கு மறையவில்லை. மேலதிகாரிகள் ஐரோப்பியர்கள், மேற்பார்வைப் பணிகளில் ஆங்கிலோ இந்தியர்கள், காவல் பணியில் பஞ்சாபியர், பூமிக்கு அடியில் தமிழ்த் தொழிலாளர் என்ற அடுக்கு இருந்தது.

பூமிக்கு அடியில்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கி.மீ. ஆழம் வரை சென்றது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இது இருந்தது. தொழிலாளர் இரும்புக் கூண்டில் இறக்கப்பட்டனர். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. மேலிருந்து குளிரூட்டிய காற்றைச் செலுத்தினால்தான் வேலை செய்ய முடிந்தது.

ஆழம் கூடக்கூடப் பாறையின் அழுத்தமும் கூடியது. வெட்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை திடீரெனச் சிதறி வெடிக்கும். இதைத் தொழிலாளர் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். சில வெடிப்புகளின் அதிர்வு மேலே வீடுகளின் சுவர்களிலும் தெரிந்தது. கணவனோ மகனோ ஷிப்டில் இருக்கும் நேரத்தில் தரை அதிர்ந்தால், சுரங்க வாசலுக்கு ஓடுவது பெண்களின் வாழ்க்கையில் ஒரு பகுதியாக இருந்தது. வெடிப்பில் தப்பியவர்களையும் கல்தூசி விடவில்லை. தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய், ஓய்வு பெற்ற பிறகும் பலரின் ஆயுளைக் குறைத்தது.

வெட்டியெடுத்த கல் மேலே கொண்டுவரப்பட்டு ஆலையில் பொடியாக்கப்பட்டது. தொடக்கத்தில் பாதரசத்தைக் கொண்டு தங்கம் பிரிக்கப்பட்டது. 1890-களில் சயனைடு முறை சேர்ந்தது. முன்பு கழிவோடு போன நுண்துகள்களையும் சயனைடு கரைத்துத் தந்தது. தங்கம் போக எஞ்சிய பொடி அருகிலேயே கொட்டப்பட்டது. அது 13 மேடுகளாக உயர்ந்தது. 'சயனைடு மலை' என்று ஊரார் அழைக்கும் இவற்றில் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மொத்தம் 120 ஆண்டுகளில் இங்கு எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன். ஊரில் மிஞ்சியது அந்த மேடுகள்.

லைன்கள்

தொழிலாளர் குடியிருப்புகள் 'லைன்' எனப்பட்டன. முதலில் மூங்கில் தட்டிகளால் ஆன சிறு குடிசைகள் வரிசையாக அமைந்தன. பின்னர் ஓடும் தகரமும் வேய்ந்த வீடுகள் வந்தன. ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீட்டில் மூன்று தலைமுறை வாழ்வது உண்டு. சற்றுத் தொலைவில் ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்கள், தோட்டங்கள், கிளப், கோல்ஃப் திடல் ஆகியவை இருந்தன. குளிர்ந்த தட்பவெப்பத்தாலும் இந்தப் பங்களாக்களாலும் தங்க வயலுக்குச் 'சின்ன இங்கிலாந்து' என்ற பெயர் ஏற்பட்டது. அந்தப் பெயர் பங்களா இருந்த பக்கத்துக்கு மட்டுமே பொருந்தியது.

ஊரின் நேரத்தைச் சுரங்கச் சங்கு தீர்மானித்தது. ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், கடை திறப்பதும் நடந்தன. வேலை முடிந்து மேலே வரும் தொழிலாளர் தங்கக்கல் எதையும் மறைத்து எடுத்துச் செல்கிறாரா என்று சோதனையிடப்பட்டனர். தங்கத் திருட்டைத் தடுக்க மைசூர் அரசு 1897-ல் தனிச் சட்டமே இயற்றியது.

பௌத்தமும் அச்சகமும்

தங்க வயல் தமிழ்ச் சிந்தனை வரலாற்றிலும் இடம்பெற்றது. அயோத்திதாச பண்டிதர் 1898-ல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் முக்கியக் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. 1907-ல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்க வயல் தொழிலாளர்களிடையே வாசகர்களும் ஆதரவாளர்களும் இருந்தனர். 1914-ல் அவர் மறைந்தபின், ஜி. அப்பாதுரை 1926 முதல் அதே பெயரில் இதழைத் தங்க வயலிலிருந்து நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைச் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. பிற்காலத்தில் அயோத்திதாசரைப் பற்றிய ஆய்வுகள் நடைபெற இந்த அச்சுப் பணியும் உதவியது.

நகரத்துச் செல்வர்களின் கொடையால் அல்லாமல், சுரங்கக் கூலியிலிருந்து சேர்ந்த சந்தாவால் ஓர் அறிவியக்கம் நடந்தது என்பது இதன் தனித்தன்மை.

போராட்டங்கள்

1930-ல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணைக்கு எதிராக 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கைரேகை குற்றவாளிகளிடம் எடுப்பது, உழைப்பவர்களிடம் ஏன் என்பதே தொழிலாளர் எழுப்பிய எதிர்ப்பு. கூலிக்காக அல்லாமல் மதிப்புக்காக நடந்த வேலைநிறுத்தம் இது. நிர்வாகம் ஆணையைக் கைவிட்டது.

1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் கே.எஸ். வாசன் முதலியோரின் முயற்சியால் தொழிற்சங்கம் வலுப்பெற்றது. 1946-ல் 78 நாள் நீடித்த வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் காவல்துறை நடவடிக்கையில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஊர் அவர்களைத் தியாகிகளாக இன்றும் நினைவுகூர்கிறது.

விடுதலைக்குப் பின் நடந்த தேர்தல்களிலும் இந்த வரலாறு எதிரொலித்தது. கர்நாடகத்தின் பிற பகுதிகளில் அரிதாகவே வெல்லும் இந்தியக் குடியரசுக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, அ.தி.மு.க. ஆகியவை தங்க வயல் சட்டமன்றத் தொகுதியில் வென்றுள்ளன.

நிலத்தடி ஆய்வு

ஆழமான சுரங்கம் அறிவியலுக்கும் பயன்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் இங்கு பூமிக்கடியில் காஸ்மிக் கதிர் ஆய்வுகளை நடத்தினர். மேலிருக்கும் பாறை மற்றக் கதிர்களைத் தடுத்துவிடுவதால், எதையும் ஊடுருவும் நியூட்ரினோக்களின் தடத்தை ஆழத்தில் பிரித்தறிய முடியும். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் உள்ளிட்டோர் பங்கேற்ற குழு 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தது. உலகில் முதன்முதலாக அவற்றைக் கண்ட இரு ஆய்வுகளில் இது ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் நடந்தது. 1980-களில் புரோட்டான் சிதைவு பற்றிய சோதனையும் இங்கு நடைபெற்றது.

மூடல்

ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகம் 1956-ல் முடிவுக்கு வந்தது. மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-ல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. அதற்குள் வளமான கல் தீர்ந்துகொண்டிருந்தது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் நான்கு கிராமுக்கும் கீழே இறங்கியது. ஆழம் கூடியதால் செலவு ஏறியது. எடுக்கும் தங்கத்தின் விலையைவிட எடுக்கும் செலவு அதிகமானது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. எஞ்சியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர். நீரிறைக்கும் இயந்திரங்கள் நிறுத்தப்பட்டதும் சுரங்கத்தின் ஆழ்பகுதிகளில் நீர் நிறைந்தது. ஒரு நூற்றாண்டாகக் கேட்ட சங்கொலி நின்றது.

பாழூர்கள்: பிற நாடுகளில்

தங்கம் தீர்ந்தபின் ஊர் காலியாவது உலகின் பல பகுதிகளில் நடந்துள்ளது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள போடி, 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தங்கச் சுரங்க ஊர். மக்கள் விட்டுச் சென்ற பிறகு 1962-ல் அது அரசின் வரலாற்றுப் பூங்காவானது. அங்குள்ள வீடுகள் புதுப்பிக்கப்படுவதில்லை, மேலும் இடியாமல் மட்டும் காக்கப்படுகின்றன. பகலில் பார்க்கலாம், இரவில் தங்க அனுமதி இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் உள்ள வால்ஹல்லாவில் தங்கம் 1862-ல் கண்டறியப்பட்டது. பெரிய சுரங்கம் 1914-ல் மூடப்பட்டது. இன்று சிலரே நிலையாக வாழும் அந்த ஊரில் பழைய ஹோட்டல் மறுபடி கட்டப்பட்டுள்ளது. சுற்றுலாவே அதன் இன்றைய முக்கிய வருமானம். அந்த ஊருக்குப் பொது மின்இணைப்பு வந்ததே 1998-ல்தான்.

இவ்விரு ஊர்களுக்கும் பொதுவானது ஒன்று: உழைத்தவர்கள் வெளியேறிய பிறகே அவை காட்சிப் பொருளாயின. தங்க வயலில் அது நடக்கவில்லை.

தங்க வயலில் தங்குபவர் காண்பது

பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் செல்லும் ரயில், கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்களில் நின்று செல்கிறது. திருவண்ணாமலையிலிருந்து செல்பவர் காட்பாடி, பங்காருப்பேட்டை வழியாக ரயிலில் போகலாம். இரவு தங்க ராபர்ட்சன்பேட்டையில் விடுதிகள் உள்ளன. அருகில் கம்மசந்திராவில் உள்ள கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கு வருவோரும் இவ்வழியே செல்கின்றனர். சுரங்க வளாகங்கள் காவலுக்கு உட்பட்டவை, அனுமதியின்றி நுழைய முடியாது. சயனைடு மேடுகளில் ஏறுவது உடல்நலத்துக்குத் தீங்கானது. கோடைக் காற்றில் அந்த மேடுகளின் தூசி வீடுகளுக்குள்ளும் வந்து படிகிறது.

பகலில் மட்டும் வந்து திரும்புபவர் கண்ணில் படுவது ஓடாத சக்கரக் கோபுரங்கள், கூரை போன ஆலைகள், முட்செடி மூடிய பங்களாக்கள், சாம்பல் நிற மேடுகள். லைன்களில் முதியவர்களும் குழந்தைகளும் மட்டும் தென்படுவர். பாழூர் என்ற பெயர் பிறந்தது இந்தக் காட்சியிலிருந்துதான். 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடத் திரைப்படம் 2018-ல் வெளிவந்தபின், அந்தக் கற்பனைக் கதையின் தடத்தைத் தேடி வருவோர் கூடியுள்ளனர். வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிச் செல்லும் மக்களைக் கதைக்களமாகக் கொண்ட பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-ல் வெளிவந்தது.

இரவு தங்குபவர் காண்பது வேறு. சுரங்கம் மூடப்பட்டபின், வேலை தேடிய தலைமுறை பெங்களூரை நோக்கிச் சென்றது. ஆனால் அங்கே வீட்டு வாடகை கொடுத்து வாழும் அளவுக்கு ஊதியம் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டைத் தங்க வயலிலேயே வைத்துக்கொண்டு தினமும் ரயிலில் போய்வருகின்றனர். விடியுமுன் கிளம்பும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். கட்டட வேலை, ஆலை வேலை, காவல் வேலை, அலுவலக வேலை எனப் பலவகைப் பணிகளுக்குச் செல்லும் அவர்கள் இரவில்தான் திரும்புகின்றனர். மாலை வண்டிகள் வந்ததும் நிலையங்களிலிருந்து லைன்களை நோக்கிக் கூட்டம் நகர்கிறது. கடைகளில் விளக்கு எரிகிறது, தமிழ் ஒலிக்கிறது. பகலில் ஆளில்லாமல் தோன்றிய வீடுகளில் அடுப்பு எரிகிறது. அடியில் இறங்கி ஏறிய ஷிப்ட் போய், ரயிலில் ஏறி இறங்கும் ஷிப்ட் வந்திருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நகரில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். இங்கு பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலையும் இயங்குகிறது.

இன்றைய நிலை

சுரங்கத்தை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை 2001 முதலே உள்ளது. 2013-ல் உலக அளவில் டெண்டர் கோர மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. 2024 ஜூனில், 13 கழிவுமேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. முன்னோர் வெட்டிப் பொடித்துக் கழிவு என்று ஒதுக்கியது மறுபடியும் கனிமமாகக் கருதப்படுகிறது.

லைன் வீடுகள் கம்பெனியின் சொத்தாக இருந்தவை. நான்கு, ஐந்து தலைமுறைகளாக அவற்றில் வாழும் குடும்பங்கள் அவற்றைத் தமக்கே உரிமையாக்கக் கோரி வருகின்றன. மேடுகளையும் நிலத்தையும் யாருக்கு, எந்த விதிகளின்படி ஒப்படைப்பது என்பதுடன் இந்தக் கேள்வியும் பிணைந்துள்ளது. ஊரை ஆளற்றது என்று வருணித்தால் அங்கு வாழ்பவரின் உரிமை பற்றிப் பேச வேண்டிய தேவையே எழாமல் போகும். பாழூர் என்ற சொல் பயணக் குறிப்பில் அழகாக ஒலிக்கலாம். லைன் வீட்டுக்குப் பட்டா கேட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது தீங்கான சொல்.

பஞ்சம் துரத்தியதால் திருவண்ணாமலை, போளூர், குடியாத்தம், வாணியம்பாடி பக்கங்களிலிருந்து சென்றவர்கள் வெறும் மேட்டுநிலத்தில் ஓர் ஊரை உருவாக்கினர். 800 டன் தங்கம் வெளியே சென்றது. அதை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே இருக்கின்றனர்.